முப்பத்தெட்டுப் புள்ளிகள்

அந்தத் தவணைக்கான பத்தாம் ஆண்டுப் புவியியல் வினாத்தாளைத் தயாரித்தவள் நான். எங்கள் கல்வி வலயத்தில் எல்லாப் பாடசாலைகளுக்கும் தவணைப் பரீட்சைக்கு ஒரே வினாத்தாள்தான் போகும். யார் தயாரிக்கிறார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது. வீட்டில்கூட நான் சொல்வதில்லை. ஆனால் மேசையில் இலங்கைப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினால் என் கணவருக்கு விளங்கிவிடும். தேநீரைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்.

பதினொரு வருடங்களாகப் பத்தாம், பதினோராம் ஆண்டுகளுக்கு அந்த வேலை என்னிடம் இருந்தது. எனக்கு அதில் பெருமை. மற்றப் பாடங்களின் வினாத்தாள்களில் படங்கள் மங்கலாக, எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். என்னுடையதில் அப்படி இராது. கரையோரக் கோட்டை நானே மையால் வரைவேன். கழிமுகம், மணல் திட்டு, மழைவீழ்ச்சி வரைபு எல்லாம் அச்சில் தெளிவாக விழும். "இந்தமுறை படங்கள் வடிவாய் இருக்கு, ஆர் போட்டதோ தெரியாது" என்று ஆசிரியர்கள் கதைப்பதை ஒன்றும் அறியாதவள்போலக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

பரீட்சை தொடங்கி மூன்றாம் நாள் காலை, தலைமன்னார்ப் பக்கமாக உள்ள ஒரு சிறிய பாடசாலையின் அதிபர் தொலைபேசியில் அழைத்தார். முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமானவர்.

"ரீச்சர், எங்களிட்டக் கண் தெரியாத பிள்ளை ஒண்டு இருக்கு. அவவுக்கு வாசிச்சு எழுதிக் குடுக்கிற மிஸ்சுக்கு டெங்கு. இண்டைக்கு மட்டும் நீங்கள் வந்து எழுத ஏலுமோ?"

"இண்டைக்குப் புவியியல் எல்லோ சேர். அந்தப் பாடம் படிப்பிக்கிற ஆள் எழுதக்கூடாதே."

"தெரியும். வேற ஒருத்தரும் இல்லை. நான் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறன். ஒரு பிழையும் வராது."

அன்று என் பாடசாலையில் எனக்குப் பரீட்சை மேற்பார்வை இல்லை. போக மறுப்பதற்குக் காரணமும் இல்லை. உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது, மறைக்கவேண்டியதில்லை. என் வினாத்தாளை ஒரு பிள்ளை எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் சந்தர்ப்பம் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பிள்ளைக்குப் பதினாறு வயது. விழிகள் இரண்டும் வெள்ளை பூத்திருந்தன. ஐந்தாம் ஆண்டுவரை வேறு மாவட்டத்தில் விழிப்புலனற்றோர் விடுதியில் தங்கிப் படித்தவள். பிரெயில் அங்கே பழகினாள். பிறகு வீட்டுக்கு வந்து ஊர்ப் பாடசாலையில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் கருவாடு காயவைக்கும் வாடியில் வேலை செய்பவர். அன்று மகளைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, பரீட்சை முடியும்வரை முற்றத்து வேம்பின் கீழ், நிழலுக்கு வந்த ஊர்க் கழுதைகளோடு இருந்தார்.

அதிபரின் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் எங்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். முதலாம் பகுதி பல்தேர்வு வினாக்கள். நான் வாசிக்க, அவள் விடையின் எண்ணைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "நான் என்ன சொன்னனான் எண்டு வாசியுங்கோ" என்றாள். நாலைந்து வினாவுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

"நீர் சொன்னதைத்தான் அம்மா எழுதுறன்."

"கோவிக்காதேங்கோ ரீச்சர். எட்டாம் ஆண்டில எனக்கு எழுத வந்த ஒருத்தர் தன்ர விடையை எழுதிப்போட்டார். வரலாற்றில எனக்கு எழுபத்தெட்டு வந்தது. எல்லாரும் கை தட்டினவை. அது என்ர இல்லை."

அதிபர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது புதிய செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. அதன்பின் அவள் சொன்ன எல்லாவற்றையும் திருப்பி வாசித்தேன். பன்னிரண்டாவது வினாவுக்கு அவள் சொன்ன விடை பிழை. சரியான விடை எனக்குத் தெரியும், அந்த வினாவே என்னுடையது. என் பேனா ஒரு கணம் நின்றது. அவள் தலையைச் சற்றுச் சரித்தாள். அந்த ஒரு கணத்தையும் அவள் கேட்டிருக்கிறாள். பிழையான எண்ணையே எழுதி, திருப்பி வாசித்தேன்.

இரண்டாம் பகுதியின் முதல் வினா கட்டாய வினா. நான் குரலைச் சரிசெய்துகொண்டு வாசித்தேன்: "தரப்பட்டுள்ள இலங்கைப் புறவுருவப் படத்தில் பின்வரும் இடங்களைப் பொருத்தமான குறியீடுகளைப் பயன்படுத்திக் குறித்துப் பெயரிடுக."

"படமோ ரீச்சர்?"

"ஓம்."

"அப்ப விடுங்கோ. அடுத்ததை வாசியுங்கோ."

சாதாரணமாகச் சொன்னாள். வீதியில் கிடக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கல்லைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை அல்லவா, அப்படி. அடுத்த வினாவின் முதல் வரியைப் பார்த்தேன். "கீழே காட்டப்பட்டுள்ள ஒளிப்படங்களை அவதானித்து…"

வாசிக்காமல் இருக்கமுடியாது. வாசித்தேன்.

"அதுவும் படம். விடுங்கோ."

மூன்றாவதில் தப்பினேன், அது எழுத்து வினா. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள், என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. பருவக்காற்று ஏன் திசை மாறுகிறது என்பதை அவள் சொன்னதுபோல் தெளிவாக என் சொந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. நான்காவதில் மழைவீழ்ச்சி வரைபு. அந்த வரைபுக்காக நான் ஒரு முழு மாலையைச் செலவழித்திருந்தேன். பன்னிரண்டு தூண்களும் ஒரே அகலத்தில் வரவேண்டும் என்று மூன்று தரம் அழித்து வரைந்தது.

"வரைபும் படம்தானே ரீச்சர். விடுங்கோ."

இருபது, எட்டு, பத்து. முப்பத்தெட்டுப் புள்ளிகள். வினாத்தாள் அவள் கைக்கு வருமுன்பே அவளிடமிருந்து நான் எடுத்து வைத்திருந்தவை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதிபர் என்னைப் பார்த்தார். வினாத்தாள் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. வெக்கைக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்தாராக்கும், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"எப்ப இருந்து இப்பிடி விடுறீர்?" என்று கேட்டேன். பரீட்சை நடக்கும்போது அப்படிக் கேட்கக்கூடாது.

"ஆறாம் ஆண்டில இருந்து. படம் எண்டா விடுறது."

"புவியியலை ஏன் எடுத்தனீர்?"

"நான் எடுக்கேல்லை. மற்றப் பாடத்துக்கு இஞ்ச ரீச்சர் இல்லை. இதைத்தான் எனக்குத் தந்தவை."

பரீட்சை முடிந்ததும் விடைத்தாளைக் கட்டி அதிபரிடம் கொடுத்தேன். தாய் வாடியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் கதைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை அறையிலேயே இருந்தாள். என்னால் எழுந்து போக முடியவில்லை.

"இலங்கை என்ன வடிவம் எண்டு உமக்கு ஆரும் சொன்னவையோ?"

"மாங்காய் எண்டு சொல்லுறவை."

"ஓம், மாங்காய்தான்."

"காம்பு எந்தப் பக்கம் ரீச்சர்?"

நான் இருபது வருடமாக வகுப்பில் மாங்காய் என்று சொல்லி வருகிறேன். காம்பைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருந்ததில்லை, படம் சுவரில் தொங்கியது.

"வடக்குப் பக்கம்," என்றேன். "எங்கட ஊர் அதில எங்க இருக்கும் எண்டு நினைக்கிறீர்?"

கொஞ்சம் யோசித்தாள். "நடுவில. ரேடியோவில எங்களுக்குத்தான் இந்தியாவும் கேக்குது, கொழும்பும் கேக்குது. அப்பா கரையில நிண்டு கதைச்சா ஃபோன் இந்தியாவுக்கு மாறிப்போகுது. அப்ப நாங்கள் நடுவிலதானே இருக்கவேணும்."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தனக்குக் கிடைத்த செய்திகளை வைத்து எவ்வளவு ஒழுங்காக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். ஐந்து வருடம் புவியியல் படித்த பிள்ளைக்குத் தான் பிறந்த மன்னார்த் தீவு நாட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியவில்லை. அதை அறியாமலே எங்கள் வலயம் அவளுக்குப் பதினைந்து தவணைப் பரீட்சை வைத்திருக்கிறது. நான் அவளுடைய உள்ளங்கையை விரித்து, பேனா மூடியால் கரையோரத்தைக் கீறிக் காட்டினேன். மேலே இடது பக்கம் சின்னதாக ஒரு கோடு நீட்டி, "இது நாங்கள்" என்றேன்.

"இவ்வளவுதானோ?" என்றாள். பிறகு, "திருப்பிக் கீறுங்கோ" என்றாள். தாய் வந்து வாசலில் நிற்கும்வரை ஆறேழு தரம் கீறினேன்.

இரண்டு கிழமை கழித்து அதிபரிடம் அவளுடைய புள்ளியைக் கேட்டேன். ஐம்பத்து மூன்று. தேர்ச்சி அறிக்கையில் வகுப்பாசிரியர் "இன்னும் முயற்சி தேவை" என்று எழுதியிருந்தாராம். அறுபத்திரண்டு புள்ளிக்கு மட்டுமே அவள் எழுதினாள். அதில் ஐம்பத்து மூன்று. 

வலயக் கல்விக் கந்தோருக்குப் போனேன். வினாத்தாள்களுக்குப் பொறுப்பானவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நிதானமான மனிதர். நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன். கந்தோரில் யாரும் இதை யோசிக்கவில்லையா, ஒரு மாற்று வினாவுக்குக்கூட ஏற்பாடு இல்லையா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து அலுமாரியைத் திறந்து கோப்பு ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நான் ஒவ்வொரு தவணையும் வினாத்தாளோடு சேர்த்து நிரப்பிக் கொடுக்கும் படிவங்கள். நேர அளவு, புள்ளித் திட்டம், பக்கங்களின் எண்ணிக்கை. கடைசிக்கு முந்திய வரியில் விரலை வைத்தார்.

"விசேட தேவையுடைய மாணவர்களுக்கான மாற்று வினாக்கள் இணைக்கப்பட்டுள்ளனவா?"

அதற்கு எதிரே "பொருந்தாது" என்று எழுதியிருந்தது. என் எழுத்து. அடுத்த தாளைப் புரட்டினேன். பொருந்தாது. அதற்கடுத்ததிலும். மையின் நிறம் மட்டும் நீலமும் கறுப்புமாக மாறியது. அந்த வரியை நான் வாசித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. படிவத்தை நிரப்புவது எப்போதும் கடைசி வேலை. படங்கள் முடிந்த சந்தோசத்தில், கை தன்பாட்டில் எழுதிப்போட்டுக் கையொப்பம் வைத்திருக்கிறது.

"நீங்கள் மட்டுமில்லை ரீச்சர்," என்றார் அவர். "எல்லாப் பாடத்திலயும் அப்பிடித்தான் எழுதுறவை. நானும் பாத்து ஒப்பம் வைக்கிறனான்."

ஒவ்வொன்றின் கீழும் அவருடைய கையொப்பமும் இருந்தது. அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவர் மேலாவது ஏறி விழலாம் என்று வந்தவள் நான். 

அடுத்த தவணைக்கு மாற்று வினாத்தாள் தயாரிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். படத்துக்குப் பதிலாகச் சொற்களில் விவரித்தால் போதும் என்று நினைத்தேன். ஒரு மாதிரி வினாவை எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் பால் விடாத பிளேன்ரீ தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். நான் வாசித்தேன்: "படத்தில் ஆறு கடலோடு சேரும் இடத்தில் வண்டல் படிந்து முக்கோண வடிவில் நிலம் உருவாகியுள்ளது. இந்நில உருவம் யாது?"

பிள்ளை சிரித்துவிட்டாள். "ரீச்சர், விடையை நீங்களே சொல்லிப்போட்டீங்கள். வண்டல், முக்கோணம் எண்டெல்லாம் சொன்னால் ஆருக்கும் தெரியும்தானே. எனக்குச் சும்மா புள்ளி வேண்டாம்."

அது சரிதான். கண் உள்ள பிள்ளை அந்தப் படத்தில் தானே தேடிக் கண்டுபிடிப்பதை நான் இவளுக்கு ஊட்டிவிட்டிருக்கிறேன். ஒரு வினா உண்மையில் எதைச் சோதிக்கிறது என்று பதினொரு வருடத்தில் நான் கேட்டுப் பார்த்ததில்லை. அன்று அந்த வீட்டில், மண்ணெண்ணெயும் கருவாடும் மணக்க, என் பழைய வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன். பலவற்றுக்கு விடை இல்லை. படம் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

இலங்கைப் படத்துக்கு மட்டும் சொற்கள் உதவவில்லை. தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். தடித்த மட்டையில் படத்தை வரைந்து, வலைக்குப் போடும் தடித்த நூலைக் கரையோரத்தின் வழியே பசையால் ஒட்டினேன். ஆறுகளுக்கு மெல்லிய நூல், மாகாண எல்லைகளுக்கு வேறு நூல், ரயில் பாதைக்கு முடிச்சுப் போட்ட நூல், அகலக்கோடு, நெடுங்கோடு. ஐந்து மாலை எடுத்தது. என் கணவர் பார்த்துவிட்டு, "கண்காட்சிக்கு வைக்கலாம்" என்றார்.

பிள்ளை இரண்டு கைகளாலும் அதைத் தடவினாள். விரல்கள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தன. முகம் மெதுவாகச் சுருங்கியது.

"இது என்ன ரீச்சர்? சிக்குப்பட்ட வலை மாதிரிக் கிடக்கு."

நான் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். கரை எது, ஆறு எது, எல்லை எது, ஒன்றும் பிடிபடவில்லை. தாய் எழுந்துவந்து தானும் கண்ணை மூடித் தடவினார். "ஐயோ, என்ர அம்மா," என்று மெல்லச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். பதினாறு வருடமாக அவளுக்குத் தாயாக இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் அது முதல் தடவை என்று நினைக்கிறேன். பிறகு அவரே ஒரு சவர அலகைக் கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் இருந்து நூல்களை ஒவ்வொன்றாக உரித்தோம். பிள்ளை சொல்லச் சொல்ல எடுத்தோம். கடைசியில் கரையோரம் மட்டும் மிஞ்சியது. ஊர்களுக்குக் குண்டூசி. ஆறுகளுக்கு வேறொரு மட்டை.

அவள் மன்னாரைத் தொட்டாள். விரலைக் கீழே இறக்கிக்கொண்டு போனாள். "இதில சிலாவத்துறை வருமோ? அங்கால புத்தளமோ?" என்றாள். ஆவணி மாதம் மடு மாதா கோவிலுக்கு வாடகை வான் பிடித்துப் போகும்போது எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நினைவில் வைத்து மடு இருக்கும் இடத்தைத் தானாகவே காட்டினாள். ஒரு விரல் அளவுதான் தவறியிருந்தது.

பதினோராம் ஆண்டின் முதல் தவணைக்கு மாற்று வினாத்தாள் தயாராகிவிட்டது. அதைப் பிரெயிலில் அடிக்கும் வசதி மன்னாரில் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நிலையத்தில் அடித்து, உறையில் போட்டு, பஸ்சில் அனுப்பினார்கள். பரீட்சைக்கு முதல்நாள் மாலை நானே தரிப்பிடத்தில் நின்று வாங்கி, முத்திரை உடையாமல் அதிபரிடம் சேர்ப்பித்தேன். இந்த முறை அவள் சொல்வதை எழுத வேறொரு பாடத்து இளம் ஆசிரியை இருந்தார். நான் மேற்பார்வைக்கு என்று கேட்டு வாங்கிப் போயிருந்தேன்.

பிள்ளை உறையைப் பிரித்துத் தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "வெங்காயம் மணக்குது," என்றாள். பிறகு விரல்களை முதல் வரியில் வைத்தாள். ஓடின. திரும்ப வந்தன. அடுத்த தாளை எடுத்தாள்.

"ரீச்சர், வெள்ளைத் தாளைத் தந்திருக்கிறீங்கள்."

தாளை வாங்கிச் சன்னலருகே பிடித்துப் பார்த்தேன். பிரெயில் எழுத்து என்பது தாளில் மேலெழும்பி நிற்கும் சின்னப் புள்ளிகள்தான். அவை எல்லாம் தட்டையாகிக் கிடந்தன. நிழல்போலத் தடம் இருந்தது, மேடு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேலாக வெங்காய மூட்டைகளுக்குக் கீழே அது வந்திருக்கிறது. கொண்டக்டரைக் குறை சொல்லமுடியாது. அவருக்கு அது கடதாசி உறை. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. வாங்கிய மாலை அதை என் பைக்குள் அப்பியாசக் கொப்பிகளுக்கு இடையில் திணித்துத்தான் கொண்டுபோனேன். மட்டைப் பெட்டியில் அனுப்பச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளை இரண்டு மாதமாக இந்தத் தாளுக்காகக் காத்திருந்தவள். தானே வாசிக்கப்போகிறேன், யாரும் வாசித்துத் தரத் தேவையில்லை என்று வகுப்பில் சொல்லித் திரிந்தாளாம். இப்போது தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினாள்.  

"பரவாயில்லை. வாசியுங்கோ. பழக்கம்தானே."

இளம் ஆசிரியை அச்சுப் பிரதியை வைத்து வாசித்தார். ஆனால் மட்டைப்படம் இருந்தது, குண்டூசிகள் இருந்தன. முதல் வினாவை வாசித்து முடித்ததும் பிள்ளை "விடுங்கோ" என்று சொல்லவில்லை. மட்டையை இழுத்துத் தன் முன்னால் வைத்தாள். பத்து இடங்களில் ஏழைச் சரியாகக் குத்தினாள். அந்தத் தவணை அவளுக்கு எழுபத்தாறு வந்தது. நூற்றுக்கு எழுபத்தாறு.

பதினோராம் ஆண்டின் முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையை அவள் வேறொரு நிலையத்தில் எழுதினாள். எனக்கு அங்கே வேலை இல்லை. புவியியல் எழுதிய அன்று மாலை தொலைபேசியில் கதைத்தாள்.

"ரீச்சர், அங்க படத்துக்குப் பதிலா வேற கேள்வி தந்தவை. பிரெயிலும் ஒழுங்காய் இருந்தது. முந்தியே இருந்து அப்பிடித்தானாம்."

 நாடு முழுவதுக்கும் நடக்கும் பரீட்சையில் வழி ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதற்குப் போய்ச் சேரும்வரை ஐந்து வருடமாக, தவணைக்கு ஒரு தடவை, உனக்கு இது வராது என்று நாங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம். சந்தோசப்படவேண்டிய செய்தி அது. எனக்கு அழுகை வந்தது.

புவியியலில் அவளுக்கு சீ தரம் வந்தது. தமிழில் ஏ. நான் புவியியலிலும் ஏ எதிர்பார்த்தேன். அவள் சீ போதும் என்றாள். இப்போது விடுதியில் தங்கி உயர்தரம் படிக்கிறாள்.

முடிவு வந்ததும் கந்தோருக்குப் போய் அந்தப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இவவுக்கு முந்தியும் கண் தெரியாத ஒரு பெடியன் இருந்தவன் ரீச்சர்," என்றார். "சிலாவத்துறைப் பக்கம். பதினோராம் ஆண்டோட நிண்டிட்டான். சோதினை எழுதேல்லை."

"எந்த வருசம் சேர்?"

சொன்னார். அவன் படித்த வருடங்களிலும் என் வினாத்தாள்கள்தான் போயிருந்தன.

அந்தப் பெடியனைத் தேடிப் போகாமல் இரண்டு மாதம் இருந்தேன். ஒரு ஞாயிறு காலை பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். நறுவிலிக்குளம் தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். இறங்கவில்லை.

சிலாவத்துறையில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தன் வாப்பாவின் கடையில் வாடிக்கையாளரின் தொலைபேசிக்குக் காசு ஏற்றி, ரீலோட் போட்டுக்கொண்டு இருந்தார். இருபத்து மூன்று வயது. அவருடைய தொலைபேசி திரையில் உள்ளதை எல்லாம் மிக வேகமாகப் பேசியது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அவர் அதைக் கேட்டபடியே வாடிக்கையாளரோடும் கதைத்தார். நான் ஆசிரியை என்றதும் கடைக்குள் கதிரை போடச் சொன்னார்.

"படிப்பை ஏன் விட்டனீங்கள் தம்பி?"

"எனக்குப் படிப்பு வராது டீச்சர்." சாதாரணமாகத்தான் சொன்னார். "புவியியல்ல முப்பத்தஞ்சுக்கு மேல வந்தது இல்ல. விஞ்ஞானம், கணிதம் இன்னும் மோசம். வாப்பாவும் உம்மாவும் எவ்வளவோ சொன்னாங்க. மூளை இல்லாம எழுதி என்ன செய்ய எண்டு நிண்டுட்டேன்."

"அந்தப் புவியியல் வினாத்தாள் நான் போட்டது."

அவர் கையிலிருந்த தொலைபேசி ஏதோ செய்தியை வாசிக்கத் தொடங்கியது. அதை நிறுத்தினார்.

"அதுல படத்துக்கு எத்தனை புள்ளி டீச்சர்?"

"முப்பத்தஞ்சு, நாப்பது வரும்."

"அப்ப எனக்கு வந்த முப்பத்தஞ்சு அறுபதுக்கா?"

"ஓம்."

கடைக்கு வெளியே மீன் ஏற்றிய சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தார். அந்த முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. புதிதாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறவரின் முகம்தான் இருந்தது. கணிதம், விஞ்ஞானம், ஒவ்வொன்றாக.

"எனக்கு யாரும் சொல்லல்ல," என்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன்.  அவர் உள்ளே திரும்பி உம்மாவைக் கூப்பிட்டு எனக்குத் தேநீர் போடச் சொன்னார்.

இந்த வருடம் அவர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஆறு பாடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறார். படிவத்தை நிரப்ப நான் போயிருந்தேன். பாடங்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்தேன். புவியியல் அதில் இல்லை. சேர்க்கவா என்று கேட்டேன்.

"அது வேணாம் டீச்சர்," என்றார்.